பாலைப்பழம் பிடுங்கப் போவோருக்கு ஒரு பூரணமான வழிகாட்டி

கனடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ லீவில் வந்து இறங்கி, "வன்னிக்கு வந்திட்டுப் பாலைப்பழம் சாப்பிடாமப் போறதோ?" என்று கேட்கும் சொந்தங்களின் நன்மை கருதி இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை. படித்தால் பிழை பிடிப்பார்கள்.

1. காலம் அறிதல்

பாலைப்பழக் காலம் வைகாசியில் தொடங்கி ஆடி வரை என்பது பொதுக்கணக்கு. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால் அதை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். பாலை ஒரு வருசம் மரமே மஞ்சளாகிற அளவுக்குப் பழுக்கும், இன்னொரு வருசம் இலையை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். ஏன் என்று ஊரில் கேட்டால் ஒருவர் மழை பிந்தினது என்பார், ஒருவர் பூவில் மழை விழுந்தது என்பார், மூன்றாமவர் அரசாங்கம் சரியில்லை என்பார். மூவருக்கும் தலையாட்டுங்கள். மூவரில் யாரோ ஒருவர்தான் நாளைக்கு உங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறார்.

நம்பத்தக்க அடையாளங்கள் மூன்று உண்டு. கூரையில் ஏறி ஓட்டைக் கிளப்பிய குரங்குகளைச் சில நாட்களாகக் காணவில்லையென்றால் காட்டில் ஏதோ பழுத்திருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு பெடியங்கள் யாரும் ஊரில் தட்டுப்படவில்லையென்றால் அது பாலைதான். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் பக்கம் ஏ-9 வீதிக்கரையில் பேணியும் கையுமாய் ஆட்கள் நிற்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள்.

2. ஆள் சேர்த்தல்

தனியே போவதை இந்த வழிகாட்டி அனுமதிக்காது. குறைந்தது மூன்று பேர் வேண்டும். முதலாமவர், மரம் தெரிந்த அண்ணை. அவர் அதிகம் பேசமாட்டார். "எவ்வளவு தூரம் அண்ணை?" என்று கேட்டால், "இஞ்சைதான் தம்பி, கிட்ட" என்பார். வன்னியில் 'கிட்ட' என்பதற்குக் கிலோமீற்றர் கணக்கு இல்லை. அதை மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு.

இரண்டாமவர், மரமேறும் தம்பி. வேலி தாண்டப் பயப்படுகிறவர்களை இந்தப் பதவிக்கு நியமிக்க வேண்டாம். மூன்றாமவர், ஓயாமல் கதைக்கிற ஆள். இவருடைய பயன் 5ஆம் பகுதியில் விளக்கப்படும். ரொறொன்ரோவிலிருந்து வந்தவர் இந்த இடத்துக்கு இயல்பாகவே பொருந்துவார்.

3. உடுப்பும் சாமான்களும்

வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள். காட்டில் அதை மெச்சுவதற்கு ஆளில்லை. அரைக் காற்சட்டையை வீட்டில் விடுங்கள். சூரைப் பற்றையின் முள் கொக்கி போல வளைந்தது. உள்ளே போகும்போது பேசாமல் விட்டுவிட்டு, வெளியே வரும்போது பிடித்து வைத்துக்கொள்ளும். நீளக் காற்சட்டையும் பழைய முழுக்கைச் சட்டையும் போடுங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக உடம்பில் உண்ணி தேடுங்கள். தேடவேண்டிய இடங்களை எழுதுவது பத்திரிகை நாகரிகம் அல்ல.

பாட்டா செருப்புப் போதாது, சப்பாத்து வேண்டும். சருகுக்குள் சுருட்டைப் புடையன் படுத்திருக்கும் காலம் இது. மரத்தில் முசுற்றுக் கூடு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். ஏறின பிறகு பார்க்கத் தேவையில்லை, அவை உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

கொக்கத்தடி கொண்டுபோகலாம், தோளுக்குப் பயிற்சி. வளர்ந்த பாலை அறுபது எழுபது அடி உயரம் நிற்கும். முருங்கைக்காய் பறிக்கிற தடி அதன் முதல் கவரைக்கூடத் தொடாது. கட்டாயம் வேண்டியது ஒரு தறப்பாள். போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் தறப்பாள் இல்லாத வீடு அரிது. முகாமில் கூரையாக இருந்தது, பிறகு நெல்லுக் காயப்போட்டது, பிறகு மாட்டுக்கொட்டிலுக்கு மறைப்பானது. அதில் அச்சடித்திருந்த எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓட்டை இல்லாமல் இருந்தால் போதும். கூடவே இரண்டு உரப்பை, ஒரு பெரிய போத்தல் தண்ணீர், ஒரு சின்னப் போத்தல் தேங்காயெண்ணெய். எண்ணெய் எதற்கு என்று இப்போது கேட்கவேண்டாம்.

4. பாதையும் சட்டமும்

மாடு போன தடத்தில் போங்கள். இது பழமொழி அல்ல, பாதுகாப்பு அறிவுறுத்தல். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கிற பக்கம் பழம் எவ்வளவு தொங்கினாலும் அது உங்களுடைய பழம் அல்ல. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் பெண்களும் ஆண்களுமாய் வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாய்க் கிளறி வெடி எடுத்து வருகிறார்கள். அவர்கள் முடித்துப் பலகையைக் கழற்றும்வரை அந்த மரங்களின் பழம் முழுவதும் பறவைகளுக்கு. வன்னியில் வேறெந்தச் சரணாலயத்துக்கும் இத்தனை கண்டிப்பான காவல் இல்லை.

அடுத்தது சட்டம். இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்கள் ஆவணி, புரட்டாதியில் பூங்கா ஓரத்து முட்பற்றைகளில் பிளாக்பெரி பிடுங்கி வாளி வாளியாய்ப் படம் போடுவார்கள். அங்கே அதற்குச் சட்டமே துணை. தானாய் வளர்ந்த பழத்தை விற்கும் நோக்கமில்லாமல் பிடுங்குவது திருட்டு ஆகாது என்று 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே வெள்ளைக்காரன் இங்கே விட்டுப்போனது 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம். பல தடவை திருத்தி, பெயரையும் மாற்றி, இன்றும் வைத்திருக்கிறோம். அதன்படி ஒதுக்கக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் போன்ற இடங்களில் இன்னும் இறுக்கம். ஆகவே காட்டுக்குள் இறங்கமுன் எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். "அது எங்கட பேரனார் வெட்டின காணி" என்று அண்ணை சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம், கல்லும் அதே இடத்தில் இருக்கலாம். இந்த விடயத்தில் இந்த வழிகாட்டியால் உதவமுடியாது. பிரதேச செயலகத்தில் இதற்கென்றே ஒரு நீண்ட வாங்கு போட்டிருக்கிறார்கள்.

சந்தேகம் இல்லாத மரங்களும் உண்டு. குளக்கட்டு ஓரத்து மரம், கோயில் வளவு மரம், வீட்டுக்காரர் "எடுங்கோ பிள்ளையள்" என்று சொன்ன காணி மரம். புதியவர்கள் அங்கேயிருந்து தொடங்கலாம்.

5. உங்களுக்கு முன் வந்தவர்கள்

மரத்தடிக்குப் போனதும் வரிசையைக் கவனியுங்கள். விடியப்புறம் பறவைகள், காலையில் மந்திகள், இரவில் வௌவால்கள். எந்த நேரமும் கரடி. நீங்கள் கடைசி.

கரடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இலங்கையில் உள்ளது ஒரே கரடியினம். அதற்குப் பாலைப்பழத்தின் மேல் உள்ள பிரியம் வில்பத்துவிலும் யாலவிலும் சுற்றுலாக்காரர் காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி. வன்னியில் இலவசம், ஆனால் ஜீப் கிடையாது. அது மரமேறும், உங்கள் தம்பியைவிட நன்றாக ஏறும். தாய்க்கரடி குட்டியை முதுகில் சுமந்து வரும். விழுந்து புளித்த பழத்தைத் தின்று வெறியில் கிடக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையா என்று கிட்டப்போய் ஆராயவேண்டாம்.

கரடிக்கு மோப்பம் கூர்மை, கண் மட்டம். வாயில் பழம் இருக்கும்போது காதும் அவ்வளவாய் வேலை செய்யாது. திடீரென்று எதிரே ஆள் நின்றால் அது பயத்தில் பாயும், பாய்ந்தால் முகத்தைத்தான் பிடிக்கும். அதனால் நீங்கள் வருகிறீர்கள் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியவேண்டும். இங்கேதான் அந்த மூன்றாவது ஆள். ரொறொன்ரோவில் வீட்டு விலை, சித்தப்பாவின் மகளின் கலியாணச் செலவு, அடுத்த தேர்தலில் யார் வெல்வார் என்று அவர் விடாமல் உரத்துக் கதைத்துக்கொண்டே வரட்டும். ஊரில் எல்லோரையும் எழும்பி ஓடச்செய்த பேச்சு வீணாகாமல் பயன்படுகிற ஒரே இடம் காடு.

மரப்பட்டையில் புதிய நகக்கீறல் இருந்தாலோ, ஈரம் காயாத யானை லத்தி கிடந்தாலோ, அண்ணை ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடப்பார். ஏன் என்று கேட்காமல் பின்னால் நடவுங்கள்.

6. பிடுங்கும் முறைகள்

முதலாவது முறை, பொறுக்கல். தறப்பாளை மரத்தின் கீழ் விரித்துவிட்டுத் தள்ளி நிழலில் இருங்கள். சோளகம் வீசும் காலம், காற்று ஒருதரம் உலுப்பிவிட்டால் பழுத்தது மட்டும் கீழே வரும். காய் மரத்தில் நிற்கும். பாடுபடத் தேவையில்லை, சும்மா இருக்கத் தெரியவேண்டும். லீவில் வந்தவர்களுக்கு இதுதான் கடினமான முறை.

இரண்டாவது, ஏறி உலுப்பல். தம்பி மேலே போய்க் கொப்பைக் காலால் மிதித்து ஆட்டுவார். கீழே நிற்பவர்கள் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்க்கக்கூடாது. விழுவது எல்லாம் பழம் அல்ல.

மூன்றாவது, நவீன முறை: கொப்பை வெட்டி விழுத்தல். மிகவும் சுகம். ஏறின ஆள் கத்தியால் நாலு கொப்பைத் தறித்துவிட்டால் எல்லோரும் கீழே குந்தியிருந்து ஆய்ந்து எடுக்கலாம். பழத்தோடு காயும் வரும், அடுத்த கிழமை பழுத்திருக்கக்கூடியது அன்றைக்கே குப்பையில் போகும். அடுத்த வருசம் பூக்கவேண்டிய நுனிகளும் சேர்ந்தே விழும். இந்த முறையைத் திருத்தமாகக் கடைப்பிடித்தால் இரண்டு மூன்று வருசத்தில் அந்த மரத்துக்குப் போகவேண்டிய அலைச்சலே இல்லாமல் போய்விடும்.

இன்னும் சுகம் வேண்டுவோர் மரத்தையே தறிக்கலாம். பாலை வளரும் வேகத்தில் பொறுமைசாலி. உங்கள் பேரனார் சிறுவனாய் இருந்தபோதும் அது பெரிய மரமாகவே நின்றிருக்கும். அதன் கட்டை தண்ணீரில் போட்டால் தாழும் பாரம், கறையான் தொட யோசிக்கும் வைரம். அதனால்தான் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாய்ப் போட்டார்கள். போர்க்காலத்தில் வடக்கின் ரயில் பாதையே இல்லாமல் போனது. தண்டவாளமும் கட்டையும் பதுங்குகுழிகளுக்கு மேலே ஏறின. 1990இல் வவுனியாவோடு நின்றுபோன ரயில், புதிய பாதையில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. குண்டு விழுந்தாலும் தாங்கும் என்று தலைக்கு மேலே அடுக்கிய மரத்தை, ஒரு உரப்பை பழத்துக்காகத் தறிக்கிற துணிவு எல்லோருக்கும் வராது. வந்தவர்களுக்கு இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி தேவைப்படாது. பழமே இருக்காதே.

7. தின்னும் முறை

பழம் பார்வைக்கு வேப்பம்பழத்தின் அளவும் மஞ்சளும். ஒன்று வாயில் போட்டதும் இனிக்கும். பத்தாவது பழத்தில் மேலுதடும் கீழுதடும் மெல்லச் சேரும். இருபதாவதில் பேச்சு நின்றுவிடும். பாலின் வேலை அது. சூயிங்கத்துக்குப் பழைய நாளில் பால் கொடுத்த மரம் சப்போட்டா. அதுவும் பாலையும் ஒரே குடும்பம். இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுவதற்கு அடிக்கட்டையாகப் பாலைக் கன்றைத்தான் எடுக்கிறார்கள். ஆக, காசில்லாமல் கிடைக்கிற சூயிங்கத்தையும் பழத்தையும் ஒரே நேரத்தில் தின்கிறீர்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீரால் கழுவினால் அந்தப் பால் போகாது. இப்போது அந்தச் சின்னப் போத்தலை எடுங்கள். உதட்டில் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தால் இளகிவிடும். கூட வந்த மூன்றாவது ஆளுக்கு எண்ணெய் கொடுப்பதைச் சற்றுப் பிந்திச் செய்யலாம். ஆனால் திரும்புகிற பாதையில் கரடி இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

8. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

பாலைப்பழம் பயணம் செய்ய விரும்பாது. காலையில் பிடுங்கினது பின்னேரம் நசிந்து, அடுத்த நாள் புளிக்கும். கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பினால் போய்ச்சேர்வது வாசம் மட்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் சுருங்கும், வீட்டுக்காரி முகமும் சுருங்கும். ஆகவே வந்த அன்றைக்கே அடுப்பை மூட்டுங்கள்.

பாலைப்பாணி காய்ச்சுவது இப்படி. பழத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிக் கையால் பிசைந்து விதையை நீக்குங்கள். விதையை எறியவேண்டாம், சொல்கிறேன். பிசைந்ததை வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்து வடியுங்கள். அடிப்பாரமான சட்டியில் ஊற்றி, மெல்லிய நெருப்பில், அகப்பையால் கிண்டிக்கொண்டே வற்றவிடுங்கள். மேலே திரளும் நுரையையும் பிசினையும் அள்ளி எடுங்கள். சீனி போடவேண்டாம். ஒரு துளியைக் கோப்பையில் விட்டால் ஓடாமல் நிற்கவேண்டும், அதுதான் பதம். ஆறினதும் கழுவிக் காய்ந்த போத்தலில் ஊற்றி மூடுங்கள்.

ஒரு சருவம் நிறையப் பழத்துக்கு இவ்வளவுதானா என்று பார்க்கிற யாரும் கேட்பார்கள். ஆம், இவ்வளவுதான். பிட்டுக்கும் ரொட்டிக்கும் விட்டுச் சாப்பிடலாம். போரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சீனி எட்டாத விலை விற்றபோது, வெறுந்தேத்தண்ணிக்குத் துணையாகக் காட்டின் இனிப்பையே நம்பியிருந்தவர்கள் இந்தப் போத்தலைப் பார்த்தால் ஒரு கதை தொடங்குவார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாணியில் சேராத ருசி அதில் இருக்கும்.

எந்தச் சட்டியில் காய்ச்சினீர்களோ அந்தச் சட்டி அன்றிலிருந்து பாலைப்பாணிச் சட்டி. வேறு வேலைக்கு உதவாது. அம்மாவின் நல்ல சட்டியை எடுக்காதீர்கள். கொழும்பில் வாங்கிய ஒட்டாத சட்டியும் வேண்டாம். ஒட்டுமா ஒட்டாதா என்பதில் பாலையோடு போட்டி போடும் அளவுக்கு அது வளரவில்லை.

பாணிக்குப் பொறுமையில்லாதவர்கள் பழத்தைப் பாயில் பரப்பிக் காயவைக்கலாம். குஜராத்தில் இதே பழம் 'ராயண்' என்ற பெயரில் காய்ந்தும் கடைக்கு வருகிறது. இங்கே காயவைத்தால் எறும்பு, கோழி, அயல்வீட்டுப் பிள்ளைகள் என்ற ஒழுங்கில் குறையும். எஞ்சுவதை வத்தல் என்று அழைக்கலாம்.

9. விதை

நீங்கள் தனியே வைத்த விதைக்கு வருவோம். கரடி பழத்தை விதையோடு விழுங்கி, நாலு கட்டை தள்ளிப்போய், உரத்தோடு சேர்த்து நிலத்தில் இடுகிறது. அதற்காக அது திட்ட அறிக்கை எழுதுவதில்லை, மரநடுகை விழாவில் படம் எடுப்பதில்லை, கொப்பை அடியோடு தறிப்பதும் இல்லை. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகிற சீவன்களில் எடுத்ததற்கு ஈடாக எதையும் விட்டுவராதது மனிதர் மட்டும்தான். கரடியின் முறையை அப்படியே பின்பற்றச் சொல்வது அநாகரிகம். விதையைக் கழுவி ஒரு கடதாசிப் பையில் போட்டு, மாரி தொடங்குகிறபோது வளவு மூலையிலோ குளக்கட்டுப் பக்கமோ விசிறுங்கள். உங்கள் ஆயுளில் அதில் பழம் தின்னமாட்டீர்கள். நீங்கள் இன்று தின்றதும் உங்கள் ஆயுளில் வளர்ந்த மரத்தில் அல்ல.

10. பாலை கிடைக்காவிட்டால்

வருத்தப்படவேண்டாம். வீரைப்பழம் சிவந்திருக்கும், தின்னலாம். முரலிப்பழம் சின்னது, வாயில் போட்டால் நிறுத்தமுடியாது. ஈச்சங்குலையைச் செங்காயாய் வெட்டி, உப்புத்தண்ணீர் தெளித்துச் சாக்கில் சுற்றி வைத்தால் கறுத்துப் பழுக்கும். வெட்டும்போது ஓலையின் அடிமுள் கையில் ஏறும். இங்கிலாந்துக்காரரின் பிளாக்பெரிக்கு நிறத்திலும் முள்ளிலும் கிட்டின உறவு சூரைப்பழம்தான். சதை கொஞ்சம், கொட்டை பெரிது, கீறல் நிறைய. நாவற்பழம் நாக்கை ஊதாவாக்கும், ஆகவே களவாய்ப் பிடுங்க உகந்தது அல்ல.

11. காடே வேண்டாம் என்போர்க்கு

மாங்குளத்துப் பக்கம் வாகனத்தை நிறுத்தி ஒரு பேணி வாங்குங்கள். வாங்கமுன் பேணிக்குள் எட்டிப் பாருங்கள். பச்சைக் காயும் குச்சியும் பழத்தோடு கலந்து கிடந்தால் கொப்பு வெட்டி ஆய்ந்தது, தாண்டிப் போங்கள். எல்லாம் ஒரே மஞ்சளாய், இரண்டொன்று நசிந்தும் கிடந்தால் காற்று உதிர்த்ததை யாரோ முதுகு நோகக் குனிந்து பொறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பேணியை வாங்குங்கள். பேரம் பேசவேண்டாம். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் பழத்தை வாயில் போடுவதற்கு முதல் பேசி முடியுங்கள்.